விழப்போற பல்லுதானே: நான்கு வயதுப் பையன் ஒருவனின் பல்சொத்தை

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, கருங்கலுக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட ஒரு ஊரில் நடந்தது இது. பையனுக்கு அப்போது நாலு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக வீட்டு விவரம் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன், ஆனால் வாய்க்குள் கண்டதிலும் செய்ததிலும் எந்த மாற்றமும் இல்லை.

அப்பா வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறார், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. அம்மா முந்திரி ஆலையில், அதாவது அண்டியாபீஸில், பருப்புக்குத் தோல் எடுக்கும் வேலை. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும், வந்த பிறகு சமையல், துணி, மறுநாளுக்கான பாடு. பையனையும் ஒன்றரை வயதுத் தங்கையையும் பகலில் பார்ப்பது, இரவில் பக்கத்தில் போட்டு உறங்க வைப்பது எல்லாம் அப்பாவின் அம்மா. நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான் ஓடுகிறது, இதில் அதிசயம் எதுவும் இல்லை.

இதை எழுதக் காரணம் சிகிச்சையின் பெருமை இல்லை. செய்த சிகிச்சை ஒவ்வொன்றும் ஏற்கனவே எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையை இரவில் உறங்க வைப்பவர் யார் என்று தெரியாமல் போட்ட திட்டத்துக்கும், தெரிந்த பிறகு போட்ட திட்டத்துக்கும் இருந்த வித்தியாசத்தைத்தான் பதிவு செய்ய நினைக்கிறேன்.

முதல் நாள்

அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது, காய்ச்சல் 101, முந்தின ராத்திரி முழுக்க உறக்கம் இல்லை. வலி அதற்கும் சில நாள் முன்பே தொடங்கிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி சிரப் கொடுத்திருக்கிறார்கள், நடுவில் பல்லில் பூச்சி என்று ஒருவரிடம் கூட்டிப்போய்க் கண்டங்கத்திரிப் புகை பிடித்திருக்கிறார்கள். புகையில் பையனுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். பல்லைக் குடைவது பூச்சி இல்லை, வாயிலேயே இருக்கும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுவிட்டு வெளியே விடும் அமிலம். ஆனால் அந்த நேரத்தில் அதை விளக்கிக்கொண்டு இருக்க முடியாது, விளக்கவும் இல்லை.

கன்னம் வீங்கி வரும் குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டியது பல்லை இல்லை. வாய் திறக்க முடிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சு சிரமமா, நாக்குக்கு அடியில் தடித்திருக்கிறதா, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்குகிறதா, மேல்பல் என்றால் கண் மூடுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்ப வேண்டும். இவனுக்கு அதெல்லாம் இல்லை, வீக்கம் கன்னத்தோடு நின்றிருந்தது, தண்ணீர் கொடுத்தால் குடித்தான்.

வாய்க்குள் கண்டது

வீக்கத்துக்குக் காரணம் இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பால்பல். மேல்பாதி அப்படியே உள்ளே இடிந்து விழுந்திருந்தது, பக்கத்து ஈறில் சீழ்க்கொப்பளம். மேல் உதட்டைத் தூக்கினால் முன்பற்கள் நான்கும் பழுப்பு, நடு இரண்டும் ஈறை ஒட்டி உடைந்து குச்சி மாதிரி நின்றன. மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டில் குழி, வலது கீழ்ப்பக்கம் ஒன்றில் குழி. கீழ் முன்பற்கள் மட்டும் வெள்ளை வெளேர் என்று, ஒரு புள்ளி இல்லாமல்.

பல் பார்க்கிற யாருக்கும் இந்த அமைப்பைக் கண்டதுமே கதை பாதி தெரிந்துவிடும். உறங்கும்போது வாயில் பால் குப்பி இருந்தால் பால் மேல் முன்பற்களின் பின்னால் தேங்கும், கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், அங்கே எச்சிலும் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் கீழே தப்பிக்கிறது, மேலே போகிறது.

அம்மாவிடம் கேட்டேன். குப்பி எப்போதோ நிறுத்தியாச்சு என்றார். சாக்லேட்டா, கண்ணிலேயே காட்ட மாட்டோம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் பார்க்கிற நேரத்தில் அவன் சாக்லேட் தின்றதும் இல்லை, குப்பி குடித்ததும் இல்லை.

அன்று எடுத்த முடிவு

காரணமான பல்லை அன்றே எடுத்துவிடுவதுதான் பொதுவான நியாயம், ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்புவது தள்ளிப்போடுகிற வேலைதான். ஆனாலும் அன்று எடுக்கவில்லை. பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, உறங்கவில்லை, வெள்ளை உடுப்பைப் பார்த்தாலே அலறினான். அவன் வாயில் இன்னும் ஏழு பல்லுக்கு வேலை இருக்கிறது. முதல் நாளே நாலு பேர் பிடித்து அமுக்கிப் பல்லைப் பிடுங்கினால் அப்புறம் இந்த நாற்காலியில் அவன் ஏற மாட்டான். ஆகவே குழிக்குள் இருந்த மெத்தென்ற சொத்தையைக் கையால் கொஞ்சம் சுரண்டிச் சீழுக்கு வழி விட்டேன், எடைக்குத் தக்க அமாக்சிசிலினும் பாராசிட்டமாலும் எழுதினேன், ராத்திரி வீக்கம் கூடினாலோ கழுத்துப் பக்கம் இறங்கினாலோ எனக்குப் போன் பண்ணிக்கொண்டு நிற்காமல் ஆசாரிப்பள்ளம் போய்விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் போனில் கேட்டதில் காய்ச்சல் இறங்கியிருந்தது. அடுத்த நாள் வந்தபோது வீக்கம் பாதியாகியிருந்தது, மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை எடுத்தோம். அழுதான், ஆனால் முடிந்ததும் பஞ்சைக் கடித்துக்கொண்டு தானே இறங்கிப் போனான்.

எடை பார்த்தோம், 13 கிலோ. அந்த வயதுக்கு இது கீழ் விளிம்பு.

பாட்டி வந்த பிறகு

பல் எடுக்கிற அன்று அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, பாட்டி கூட்டிக்கொண்டு வந்தார். முழுக்கதை அன்றுதான் வெளியே வந்தது, அதுவும் நான் கேட்டதால் இல்லை. பல் எடுத்த பிறகு இன்றைக்கு ராத்திரி என்ன கொடுக்கலாம் என்று பாட்டி கேட்டார், வழக்கமாக என்ன கொடுப்பீர்கள் என்றேன்.

"ராத்திரி குப்பிதான் டாக்டரே. பிள்ளை பட்டினியா ஒறங்கப்பிடாது இல்லியா. நடுவுல முழிச்சு அழுதா திரும்பவும் குடுப்பேன், குடிச்சுட்டு ஒறங்கிருவான்."

குப்பியில் பால்பொடி, இரண்டு ஸ்பூன் சீனி, சில நாள் ஊறவைத்த பிஸ்கட். இது ஒரு வயதிலிருந்து நடக்கிறது. அம்மா அண்டியாபீஸிலிருந்து வந்து எல்லா வேலையும் முடித்துப் படுத்தால் காலை நாலரைக்குத்தான் கண் விழிப்பார், பாட்டி படுக்கிற அறையில் நடப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பாட்டியும் ஒளித்துச் செய்யவில்லை, பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்படியே ஒரு நாளைக் காலையிலிருந்து சொல்லச் சொன்னேன். எழுந்ததும் சீனி போட்ட கட்டன் சாயாவில், அதாவது பால் விடாத டீயில், ரஸ்க் தொட்டு. அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டை. அங்கன்வாடி விட்டு வரும் வழியில் கடையில் ஒரு தேன்மிட்டாய், அழாமல் வந்ததற்குக் கூலி. மூன்று மணிக்குச் சாயா, கூடப் பழம்பொரி அல்லது பிஸ்கட். விளையாடிவிட்டு வந்தால் அப்பா கொடுத்தனுப்பிய ஆரஞ்சுப் பொடி கலக்கிய தண்ணீர். ராத்திரி குப்பி, நடு ராத்திரி குப்பி, விடியும் முன் ஒன்று. எட்டு தடவை. சளி இருக்கிற நாளில் சிரப் வேறு, அதுவும் இனிப்பு.

சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடத்தில் பல்லைச் சுற்றி அமிலம் ஏறிவிடும், எச்சில் அதைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது ஆகும். பல்லைக் கெடுப்பது ஒரு நாளில் தின்ற மொத்த இனிப்பு மட்டும் இல்லை, எத்தனை தடவை என்பதும்தான். உறங்கும்போது எச்சில் ஊறுவது ரொம்பக் குறைந்துவிடும், அப்போது வாயில் தங்கிய பாலை எடுத்துக்கொண்டு போக யாரும் இல்லை. ஆக எட்டில் அந்தக் கடைசி மூன்றுதான் பெரிய திருடன்கள்.

பல் தேய்ப்பதையும் கேட்டேன். பாட்டி உமிக்கரிக்காரர், பையனுக்கும் காலையில் விரலால் அதையே தேய்த்துவிடுவார். வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு ஜெல் பேஸ்ட்டும் இருந்தது, பழ வாசனை, அட்டையில் படம். மறுமுறை அதை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன், சொத்தை வராமல் பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு அதில் இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை, தாண்டக்கூடாது, எவ்வளவு இருக்கிறது என்று டியூபிலேயே போட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பேஸ்ட் என்று விற்பதில் சிலவற்றில் பாதிகூட இருக்காது, சிலவற்றில் அறவே இருக்காது. பெரியவர்கள் தேய்க்கும் சாதாரண 1000 பிபிஎம் பேஸ்ட்டே பிள்ளைக்கும் போதும், அளவுதான் விஷயம்: மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி, அதற்கு மேல் ஒரு பட்டாணி. தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் போட்ட ஃபுளோரைடும் கூடப் போய்விடும்.

"இது விழப்போற பல்லுதானே"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும், பாட்டியும் கேட்டார். முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பற்கள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. நாலு வயதில் சொத்தையான பல்லோடு இன்னும் ஆறேழு வருடம் சோறு மெல்ல வேண்டும். இந்தப் பையன் கவளத்தை வலது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்து விழுங்குவான், மரச்சீனிக்கிழங்கு வைத்தால் மீன்கறியில் கரைத்துக் கூழாக்கினால்தான் உள்ளே போகும், ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். சாப்பிட மாட்டான், பிடிவாதம் என்று வீட்டில் பெயர். சாப்பிடாத பிள்ளைக்கு ராத்திரி குப்பி கூடும், குப்பி கூடினால் பல் இன்னும் கெடும்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. பால்பல் சொத்தை உள்ள பிள்ளைகள் உலகம் முழுக்க 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. வாய் நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் 350 கோடிப் பேர். இத்தனைக்கும் 2021 வரை வாய் நலம் உலக சுகாதாரப் பேச்சில் ஓரத்தில்தான் கிடந்தது. அந்த வருடம்தான் உலக சுகாதாரப் பேரவையில் இதற்கென்று ஒரு தீர்மானம் வந்தது, அதே வருடம் சொத்தையை நிறுத்தத் தடவும் சில்வர் டயமின் ஃபுளோரைடும், பல்லில் பூசி அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டும் அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறின. இந்த இரண்டு பெயரையும் சொல்லக் காரணம், கருங்கல் பக்கத்துச் சின்னக் கிளினிக் ஒன்றில் இந்தப் பையனுக்கு உதவியது அவைதான்.

மூன்று வழிகள்

அப்பா போனில் சொன்னது, "மயக்கம் குடுத்து எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ணிருங்க, காசு அனுப்புதேன்." அது முதல் வழி. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ முழு மயக்கத்தில் எல்லாப் பல்லையும் ஒரே அமர்வில் முடிப்பது. பயப்படுகிற சின்னப் பிள்ளைக்கு நல்ல வழிதான், சிலருக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் மயக்கத்தில் எல்லாம் சரிசெய்த பிள்ளைகளில் நிறைய பேர் ஓரிரு வருடத்தில் புதுச் சொத்தையோடு திரும்பி வருவதும் பல நாடுகளில் பார்த்த விஷயம். வீட்டில் குப்பி அப்படியே இருந்தால் அப்படித்தான் ஆகும்.

இரண்டாவது, கெட்டதை எல்லாம் பிடுங்கிவிடுவது. செலவு குறைவு. வாயில் மெல்லப் பல் மிஞ்சாது.

மூன்றாவது, துளைபோடாமல் நாற்காலியிலேயே சொத்தையை நிறுத்துவது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைக் குழியில் சின்னப் பிரஷால் தொட்டுவைத்தால் கிருமி செத்து, மெத்தென்ற இடம் இறுகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். குழி பெரிதாக உள்ள கடைவாய்ப் பல்லுக்கு ஹால் முறையில் ஸ்டீல் தொப்பி: ஊசியும் இல்லை, துளையும் இல்லை, சொத்தையை உள்ளேயே வைத்துச் சிமென்ட்டோடு தொப்பியை அழுத்தி மூடிவிடுவது, உணவு கிடைக்காத கிருமி உள்ளேயே அடங்கிவிடும். ஸ்காட்லாந்தில் ஒரு சாதாரணப் பல் மருத்துவர் தன் கிளினிக்கில் செய்துவந்ததை ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொண்ட முறை இது. நரம்பு வரை போய்ச் சீழ் பிடித்த பல்லுக்கு மட்டும் ஆகாது.

மூன்றாவதை எடுத்தோம். முதல் காரணம், மீதிப் பற்களில் ராத்திரி எழுப்பும் வலியோ சீழோ இல்லை, அவசரம் இல்லை. அப்புறம், இதற்குப் பல தடவை வர வேண்டும், பாட்டியோடு பல தடவை பேச அதுதான் வாய்ப்பு. ஒரே நாளில் முடிகிற சிகிச்சையில் அது கிடைக்காது. மயக்க வழியை மூடிவிடவில்லை, பையன் ஒத்துழைக்காவிட்டாலோ வேறு பல் சீழ் பிடித்தாலோ அனுப்புவதாக எழுதியே வைத்தோம்.

சில்வர் தடவிய சொத்தை கறுப்பாகிவிடும், அது மாறாது. தடவுவதற்கு முன் போட்டோ காட்டினேன். கடைவாயில் பரவாயில்லை என்றார் அம்மா, முன்பல்லில் தயங்கினார். இப்பவே பழுப்புதானே, ஒடஞ்சும் போச்சு, வலி வராம இருந்தாப் போதும் என்று பாட்டிதான் முடித்து வைத்தார்.

குப்பி போன கதை

"இன்றிலிருந்து குப்பி கிடையாது" என்று சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். இரண்டு ராத்திரி அழுகை, மூன்றாம் ராத்திரி குப்பி, நாலாம் நாள் நம்மிடம் "நிறுத்தியாச்சு" என்ற பதில். அதனால் நிறுத்தச் சொல்லவில்லை, தண்ணீர் கலக்கச் சொன்னேன். முதலில் சீனியை மட்டும் விடுவது, பிறகு நாலைந்து நாளுக்கு ஒரு முறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது, கடைசியில் வெறும் தண்ணீர். பால் வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. பாலை எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு டம்ளரில் கொடுத்துவிட்டு, பல் தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

பாட்டி முதல் வாரத்திலேயே ஒரு திருத்தம் செய்தார். சீனி கெடுதல் என்றதும் கருப்பட்டிக்கு மாறிவிட்டார், பனங்கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதானே. பல்லில் இருக்கிற கிருமிக்குச் சீனி, கருப்பட்டி, தேன் எல்லாம் ஒன்றுதான். அதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது, எனக்கும் சங்கடமாக இருந்தது. கருப்பட்டியை மதியச் சோற்றோடு பாயசமாக வையுங்கள், குப்பியில் வேண்டாம் என்று முடித்தோம்.

மூன்று பங்கு தண்ணீர் ஆனபோது பையனே குப்பியைத் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகும் உறங்குவதற்கு வாயில் எதையாவது வைக்க வேண்டும் என்று நாலு ராத்திரி ரகளை. ஐந்தாம் நாள் பாட்டி குப்பியைக் காக்கா கொண்டு போய்விட்டது என்று முற்றத்துத் தென்னையைக் காட்டியிருக்கிறார். அது எங்கள் திட்டத்தில் இல்லாதது. வேலை செய்தது.

பல் தேய்ப்பதைப் பாட்டிக்கே நேரில் காட்டிக்கொடுத்தோம். பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, இடது கை விரலால் மேல் உதட்டைத் தூக்கி, ஈறு ஓரத்தில் பிரஷ் படுகிற மாதிரி. காலை தேய்ப்பது தவறினாலும் ராத்திரி தவறக்கூடாது என்று ஒரே ஒரு விதி. உமிக்கரியைப் பாட்டி தனக்கு வைத்துக்கொண்டார், அதில் நான் தலையிடவில்லை.

பகல் நேரத்து இனிப்பில் ரொம்பக் கை வைக்கவில்லை. மூன்று மணிச் சாயாவும் ஆரஞ்சுத் தண்ணீரும் தேன்மிட்டாயும் தனித்தனியாக மூன்று தடவை வருவதை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தோம், காலைக் கட்டன் சாயாவில் சீனி பாதி. சத்துமாவை நிறுத்தச் சொல்லவே இல்லை, எடை குறைந்த பிள்ளை அவன். நிறுத்தியது ராத்திரிச் சர்க்கரையை மட்டும்.

கறுத்த பல்லும் வீடியோ காலும்

முதல் தடவை சில்வர் தடவி இரண்டு நாளில் முன்பற்கள் நன்றாகக் கறுத்துவிட்டன. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பையன் அப்பாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அடுத்த நிமிடம் எனக்குப் போன்: "எனக்க பிள்ளைக்க பல்லுல யாரு மை தேச்சது?"

கோபத்தில் நியாயம் இருந்தது. அம்மாவின் சம்மதம் எழுத்தில் இருந்தது, சட்டப்படி அது போதும். ஆனால் அவர் அனுப்பும் பணத்தில் நடக்கிற சிகிச்சை, அவர் மாதக்கணக்கில் போன் திரையில் மட்டும் பார்க்கிற முகம். பழைய போட்டோவையும் புதியதையும் அனுப்பி, கறுத்து இறுகினால் சொத்தை அங்கே நின்றுவிட்டது என்று அர்த்தம், பழுப்பாக இருந்தபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்று விளக்கினேன். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான், வேறு செலவு செய்தால் வெள்ளையாக்க முடியுமா. பையன் இன்னும் கொஞ்சம் ஒத்துழைக்க ஆரம்பித்ததும் பக்கவாட்டு இரண்டு பல்லின் மேல் கிளாஸ் அயனோமர் சிமென்ட் பூசினோம், கறுப்பு ஓரளவு மறைந்தது. உடைந்த நடு இரண்டில் பூசப் பிடிமானம் இல்லை, அப்படியே விட்டோம்.

கடைவாய்ப் பற்களில் மூன்றுக்குத் தொப்பி போட்டோம். முதலில் பற்களுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையம் மாட்டி இடம் உண்டாக்கி, சில நாள் கழித்துப் பையனைப் பாட்டி மடியிலேயே வைத்துத் தொப்பியை அழுத்தினோம். இரண்டு வாரம் பல் கூடிக் கடிபடவில்லை, வீட்டில் பயந்தார்கள், தானாகச் சரியானது. அந்த வெள்ளிப் பல்லை அங்கன்வாடியில் வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறான்.

தங்கை

ஒரு தடவை தங்கையையும் தூக்கி வந்திருந்தார்கள். பேசிக்கொண்டே அவளுடைய மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறை ஒட்டி நாலு பல்லிலும் சுண்ணாம்புக் கோடு போல மங்கலான வெள்ளைப் பட்டை. இதுதான் சொத்தையின் முதல் படி, குழி விழும் முன்பு. வலி இருக்காது, உதட்டைத் தூக்காமல் பார்த்தால் தெரியவும் தெரியாது. அண்ணனுக்கும் ஒன்றரை வயதில் இதே பட்டை இருந்திருக்கும்.

அவளுக்குச் செய்தது மிகக் குறைவு. ஃபுளோரைடு வார்னிஷ் தடவினோம், அரிசி மணி அளவு பேஸ்ட், ராத்திரிக் குப்பி அவளுக்கும் அதே மாதிரி தண்ணீராக்கி நிறுத்தியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பட்டை சுருங்கிப் பளபளப்பாகியிருந்தது, குழி எதுவும் விழவில்லை. அண்ணன் வாயில் செய்த அத்தனை வேலையையும் விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தடுப்பூசி போடப் பிள்ளையைக் கொண்டுவருகிற நாளில் கிராமச் செவிலியர் உதட்டை ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் போதும், ஐந்து விநாடி வேலை.

அங்கன்வாடியில் முயன்றது

அங்கன்வாடி ஆசிரியை தானாகவே கூப்பிட்டார், வெள்ளிப் பல் அவருக்குப் புரியாமல்தான். பிள்ளைகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தோம், பழுப்பு முன்பல் இவன் ஒருவனுக்கு மட்டும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகப் பல் தேய்க்கலாம் என்று தொடங்கினோம். பிலிப்பைன்ஸில் பள்ளியில் கை கழுவுவதையும் பல் தேய்ப்பதையும் தினசரி வேலையாக்கியிருக்கிறார்கள், ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் காப்பகத்திலேயே தேய்க்க வைக்கிறார்கள், ஆக இது புதுமை இல்லை.

இரண்டாம் மாதத்தில் நின்றுவிட்டது. பிரஷ்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, பெயர் எழுதிய ஸ்டிக்கர் தண்ணீரில் உரிகிறது, குழாயில் தண்ணீர் வராத நாளில் எல்லாமே நின்றுவிடுகிறது, ஆசிரியைக்கு எடை பார்ப்பது, சத்துமாவுக் கணக்கு, போனில் பதிவேற்றுவது என்று ஏற்கனவே கை நிறைய வேலை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிஞ்சியது ஒன்று: மாதக் கூட்டத்துக்கு அம்மாக்களோடு பாட்டிகளையும் அவர் கூப்பிட ஆரம்பித்தார், குப்பியைத் தண்ணீராக்குகிற வித்தையை எங்கள் பாட்டியே அங்கே எழுந்து சொன்னார். காக்கா உட்பட.

ஒரு வருடம் கழித்து

வலி இல்லை, வீக்கம் திரும்ப வரவில்லை. சில்வர் தடவிய இடங்கள் கறுத்து, கருவியால் தொட்டால் கல் மாதிரி இருக்கின்றன. ஒரு பக்கவாட்டுப் பல்லில் பூசிய சிமென்ட் விழுந்துவிட்டது, திரும்பப் பூசினோம். வலது கீழ்ப்பக்கம் இரண்டு பல் நடுவில் ஒரு புதுச் சொத்தை தொடங்கியிருந்தது, பகல் இனிப்பு இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அங்கேயும் சில்வர் வைத்தோம். எடை 16 கிலோ. பல்லால்தான் கூடியது என்று சொல்ல மாட்டேன், வளர்கிற வயது, ஆனால் கிழங்கை இப்போது கரைக்காமல் தின்கிறான், சாப்பாடு இருபது நிமிடத்தில் முடிகிறது. ராத்திரி எழுவதும் நின்றுவிட்டது என்கிறார் பாட்டி, அதனால் அவருக்கும் உறக்கம்.

எடுத்த பல்லின் இடம் அடையாமல் இருக்கக் கம்பி வளையம் வைக்கலாமா என்று யோசித்து அப்போது வைக்கவில்லை. குப்பி ஓடுகிற வாயில் கம்பி வைத்தால் அதைச் சுற்றி அழுக்கு சேர்ந்து பக்கத்துப் பல்லும் போகும். இப்போது இடம் கொஞ்சம் குறுகியிருக்கிறது, அளந்து வைத்திருக்கிறோம்.

மாற்ற வேண்டியவை

இந்த வீட்டுக்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டில் முதல் கேள்வி "ராத்திரி யாரோடு உறங்குகிறான்?" என்பது. பதில் பாட்டி என்றால் அடுத்த தடவை பாட்டி வராமல் திட்டம் போடுவதில்லை. "சாக்லேட் கொடுப்பீர்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுந்ததிலிருந்து உறங்கும் வரையும் உறங்கிய பிறகும் வாயில் என்னென்ன போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிறோம்.

வெளிநாட்டிலோ கடலிலோ இருக்கிற அப்பாவுக்குச் சில்வர் வைக்கும் முன்பே கறுத்த பல்லின் போட்டோ போக வேண்டும். அவர் பதில் வரும் வரை முன்பல்லைத் தொடாமல் கடைவாயில் மட்டும் தொடங்கலாம், இரண்டு வாரத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அங்கன்வாடியில் பிரஷ் வேலையைத் திரும்பத் தொடங்குவதாக இருந்தால் தண்ணீர் வேண்டாத முறையில்தான், பட்டாணி அளவு பேஸ்ட், தேய்த்துவிட்டுத் துணியில் துப்புவது. பிரஷை வைக்க ஓட்டை போட்ட பலகை ஒன்றை உள்ளூர்த் தச்சரிடம் சொல்லியிருக்கிறோம். பையனுக்கு ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும், பெரும்பாலான வீடுகளில் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது முளைத்ததும் மேல் பள்ளங்களைச் சீலன்ட் வைத்து மூடுவதாகத் திட்டம், அதற்கான தேதியைப் பாட்டியின் மாத்திரைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதைத்தான் அவர் தொலைக்க மாட்டார்.